வழி விட்ட ஒரு மணி நேரம்

ஜூன் 3, செவ்வாய்

தலைவியின் நேரலையில் முகத்துக்கு முகம் பேச நாற்பது பேரைப் பொறுக்கியதில் பதினேழாவது ஆள் நான், நானேதான், செத்தேன்!!!

சரி. மூச்சு விட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த மெசேஜ் ஞாயிற்றுக்கிழமையே வந்திருக்கிறது. நான் பார்த்தது இன்றைக்கு. ஞாயிறு முழுக்க மழை. மழை பெய்தால் பம்ப் ரூம் சுவரில் சிக்னல் ஒரு கோடுகூட வராது. நேற்று டவருக்கே கரண்ட் இல்லை. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் 'சரி' என்று அனுப்பாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று போட்டிருந்தது. நான் அனுப்பியபோது நாற்பது நிமிஷம் பாக்கி. ஒரு டிக். இன்னும் ஒரு டிக்தான். ஒரே ஒரு டிக்கில் உயிர் போய்ப் போய் வந்தது. அப்புறம் ரெண்டு டிக்! நான் கத்திய கத்தலில் பம்ப் மாமா கையில் ஸ்பானரோடு வெளியே ஓடி வந்துவிட்டார்.

"என்னம்மா, பாம்பா?"

"இல்ல மாமா, தலைவி!"

"யாரு தலைவி? எலெக்ஷன் வந்துடுச்சா?"

இவர்களிடம் என்னத்தைச் சொல்ல. தலைவி பாட்டுக்கென்றே முப்பத்தோராயிரம் பேர் இருக்கிற ரசிகர் பக்கத்தின் அட்மின், ஒரு கோடு சிக்னலுக்காகச் சுவரில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று அந்த முப்பத்தோராயிரத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

அண்ணனிடம் சொன்னேன். ஒரு ஆளுக்கு நாற்பது விநாடி தருவார்கள் என்றதும், "நாற்பது செகண்டா? உனக்கு மூக்கை உறிஞ்சவே அது பத்தாதே, அட்மின்" என்றான்.

ஜூன் 5, வியாழன்

அந்தச் சுவரைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். பிற்காலத்தில் நானே நம்ப மாட்டேன்.

பண்ணை வீடுகள் எல்லாம் பள்ளத்தில். மேட்டில் பம்ப் ரூம். அதன் மேற்குச் சுவரில், ஜன்னலுக்கும் பெரிய குழாய்க்கும் நடுவே இரண்டு முழம் அகலத்தில் மட்டும் சிக்னல் வரும். ஒரு கை தள்ளிப் போனால் இல்லை. அந்த இரண்டு முழத்தில் பதினைந்து ஆணி. ஆணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் ஒரு போன். காலையில் வேலைக்குப் போகும்போது மாட்டிவிட்டுப் போவார்கள், சாயங்காலம் எடுத்துக்கொள்வார்கள். நடுவில் அடித்தால் பம்ப் மாமா எடுத்து, "ஆள் வந்ததும் சொல்லிடறேன்" என்பார்.

ஒரு போனில் பேசினாலே மற்ற போன்களில் நெட் படுத்துவிடும். அதனால் யாருக்காவது வீடியோ காலோ, ஆன்லைன் நேர்காணலோ இருந்தால் மற்றவர்கள் தங்கள் போனை ஃப்ளைட் மோடில் போட்டுக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் 'வழி விடுறது'. போனைப் 'பறக்க விடு' என்பார்கள். கதவுப் பக்கத்தில் ஒரு சிலேட்டில் எழுதி வைக்க வேண்டும்: யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு. சிலேட்டில் எழுதிவிட்டால் அதோடு சரி, யாரும் மறுக்க மாட்டார்கள்.

இரண்டு பைகளை மட்டும் எதற்காகவும் பறக்க விடக் கூடாது. சிவப்பு நாடா கட்டிய பைகள், ராத்திரியும் பம்ப் மாமா காவலில் அங்கேயே தொங்கும். ஒன்று அண்ணனுடையது, இன்னொன்று அம்மாவுடையது.

ஜூன் 6, வெள்ளி

இன்று அண்ணனுக்கு டயாலிசிஸ் நாள். திங்கள், புதன், வெள்ளி. அம்மா பண்ணையில் லீவு சொல்லிவிட்டு அவனோடு பஸ்ஸில் போய் வந்தாள். வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சிவப்பு நாடா எதற்கு என்றால், அவன் பெயர் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை, அதனால் அவளுடையதை எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். என் ரத்தம் வேறு வகை. அப்பா எப்போதோ போய்விட்டார். எங்கேயோ யாரோ ஒருத்தர் இறந்து, அவர் வீட்டில் சரி என்று சொல்லி, அது அண்ணனுக்குப் பொருந்தினால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். அரை மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். படிவத்தில் இருப்பது இரண்டே எண்கள். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது.

டவுனுக்குக் குடிபோனால் என்ன என்று போன வருஷம் கேட்டேன். முட்டைப் பண்ணை வேலையோடு வந்த வீடு இது. வேலையை விட்டால் வீடும் இல்லை என்றாள் அம்மா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஜூன் 11, புதன்

சிலேட்டில் எழுதிவிட்டேன்! சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு. காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. 'முக்கியம்' என்று எழுதினேன்.

தையல் அக்கா படித்துவிட்டு, "மாப்பிள்ளை பார்க்கறாங்களா?" என்றாள்.

"ச்சீ. அதைவிட முக்கியம்."

"அப்ப கண்டிப்பா வழி விட்டுடறேன்டி. ஆனா ப்ளவுஸை இங்க கொண்டா, அந்தத் தோள் தொங்குது. அப்படியே போய் நிக்காத."

நாற்பது விநாடிக்கு ஆறு வாக்கியம் எழுதினேன். அண்ணன் என் போனில் ஸ்டாப்வாட்ச் பிடித்தான். முதல் தடவை ஒரு நிமிஷம் பத்து. கடைசித் தடவை முப்பத்தெட்டு. "ரெண்டு செகண்ட் மிச்சம் இருக்கு, அழுதுக்க" என்றான்.

ஜூன் 14, சனி

பேசிட்டேன் பேசிட்டேன் பேசிட்டேன்

எங்கிருந்து தொடங்குவது? நாலரைக்கே மேட்டுக்குப் போய்விட்டோம், நானும் அண்ணனும். பன்னிரண்டு போன்களும் பறந்துவிட்டன, பம்ப் மாமா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அப்படியும் படம் நின்று நின்று வந்தது. நாலே முக்கால். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் சிவப்பு நாடாப் பைகள் இரண்டையும் ஆணியிலிருந்து எடுத்தான்.

"டேய் அண்ணா, அது சிவப்பு!"

"ஒரு மணி நேரம்தானே. ஒன்றரை வருஷமா அடிக்காதது இன்னைக்கா அடிக்கப் போகுது?"

அம்மா போனையும் தன் போனையும் பறக்க விட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். உடனே படம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது!!

மேற்கு வெயில் நேராக போன் மேலே. அண்ணன் முட்டை அட்டைப் பெட்டியைப் பிரித்து நிழலுக்குப் பிடித்தான். ஒரு மணி நேரமும் பிடித்துக்கொண்டே நின்றான். பதினாறாவது ஆள் முடிந்ததும் திரையில் என் முகம். பக்கத்துக் கட்டத்தில் தலைவி! உயிரோடு! மூக்கில் ஒரு பரு இருந்தது, எவ்வளவு அழகு! எழுதி வைத்த ஆறு வாக்கியமும் பறந்துவிட்டது. "உங்க பாட்டைக் கேட்டுக்கிட்டே நாங்க பஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று என்னவோ உளறினேன். அவங்க சிரிச்சுட்டு, "யாருக்கு உடம்பு சரியில்ல? எல்லாம் சரியாயிடும்னு சொல்லு" என்றாங்க. எனக்கு! என்கிட்ட! அண்ணனுக்கே கேட்டது!

முடிந்ததும் எல்லா போன்களையும் இறக்கினோம். அண்ணன் தன் போனையும் அம்மா போனையும் கொஞ்ச நேரம் நோண்டிக்கொண்டே நின்றான். "என்னடா?" என்றேன். "ரீசார்ஜ் முடியப் போகுதாம்" என்றான். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தாழ்ந்த குரலில் யாரிடமோ பேசினான். நான் துள்ளிக்கொண்டு இறங்கினேன். அவன் மெதுவாக வந்தான்.

ஜூன் 15, ஞாயிறு

கிளிப்பைப் போட்டுவிட்டேன். முப்பத்தோராயிரம் இன்றைக்கு நாற்பத்தாறாயிரம்.

ஜூன் 19, வியாழன்

கிளிப்பின் ஓரத்தில் அட்டையைப் பிடித்த ஒரு கை தெரிகிறது. கமெண்ட் முழுக்க அந்தக் கைதான். 'அட்மின், அந்தக் கை யாருது?' 'கைக்குச் சொந்தக்காரர் சிங்கிளா?' 'அட்மினோட ஆளு மாட்டிக்கிட்டாரு.' டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி முழங்கைக்குக் கீழே கயிறு மாதிரி புடைத்திருக்குமே, அந்தக் கை. அதைப் பார்த்து ஒருத்தி 'ஜிம் பாடி' என்று போட்டிருக்கிறாள்.

படித்துக் காட்டினேன். அண்ணன் சிரித்தான். பாதியில் நிறுத்திவிட்டான்.

ஜூன் 25, புதன்

அம்மாவுக்கு லீவு கொடுக்கவில்லை. நான் போனேன் அண்ணனோடு.

அவனை மெஷினில் போட்ட பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பட்டியலைப் பார்க்கிற மேடம் அந்த வழியாகப் போனார்கள். நின்றார்கள்.

"தங்கச்சிதானே? அன்னைக்கு ஏம்மா ரெண்டு நம்பரும் எடுக்கல?"

"என்னைக்கு மேடம்?"

"பதினாலாம் தேதி, சனிக்கிழமை. அஞ்சு மணியில இருந்து மாத்தி மாத்தி அடிச்சேன். ஆறு தடவை. அஞ்சே முக்கால் வரைக்கும்கூட வெச்சிருந்தேன்மா. அதுக்கு மேல என்னால முடியாது. அடுத்த ஆளுக்குப் போயிடுச்சு. உங்க அண்ணன் அப்புறம் கூப்பிட்டாரே, சொல்லலையா?"

சொல்லலையே.

அடுத்த ஆள் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. நன்றாக இருக்கிறாராம். போன வாரம் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

மேலே டிவி ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். ஒரு ஆள் பாத்திரம் தேய்க்கிற பொடியைக் காட்டினார். மறுபடி காட்டினார். நான்கு மணி நேரம். அண்ணன் வெளியே வந்து, "என்ன அட்மின், பேயைப் பார்த்த மாதிரி இருக்க?" என்றான். பசி என்றேன். பஸ்ஸில் அவனுக்கு ஜன்னல் சீட் கொடுத்தேன்.

ஜூன் 26, வியாழன்

ஒன்றும் இல்லை எழுத.

ஜூன் 28, சனி

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு உதடு எங்கே இருக்கிறது என்று தெரியாதே, அப்படி இருக்கிறது. பல் துலக்கினேன். துணி காயப்போட்டேன். முட்டை அட்டைகளை அடுக்கினேன், முப்பது முப்பதாக.

அவன் சொல்லாமல் இருக்கிறான். நானும் சொல்லாமல் இருக்கிறேன். ஒரே வீட்டில், இரண்டு ரூமில்.

கிளிப்பை இன்று மறுபடி பார்த்தேன், சத்தத்தை அணைத்துவிட்டு. என் வாய் அசைகிறது. ஓரத்தில் கை. போன் மூலையில் மணி தெரிகிறது, 5:21. அந்த நேரம் மேடம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 2, புதன்

பக்கத்தில் ஏன் ஒன்றும் போடவில்லை என்று கேட்கிறார்கள். 'அட்மின் எங்கே?' 'தலைவியைப் பார்த்த பிறகு எங்களை மறந்துட்டாங்க.' புதுப் பாட்டு வந்திருக்கிறதாம். எல்லோரும் அதைப் பற்றித்தான். நான் இன்னும் கேட்கவில்லை. தரவிறக்கம் முடிந்து போனில் கிடக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

இன்றோடு ஐந்து நாள், அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள் தவிர, காலை ஏழிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் பம்ப் ரூம் சுவரடியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சிவப்பு நாடாப் பைகளுக்கு நேர் கீழே. அண்ணன் என்ன செய்கிறான் என்று பார்க்க மட்டும் நடுநடுவே வீட்டுக்கு ஓடிவிட்டு வருவேன். மோட்டார் ஓடும்போது முதுகு அதிரும். கோடு இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்றுமில்லை, ஒன்று. ஒன்றுமில்லை என்று வரும்போது பைகளை ஜன்னல் பக்கம் ஒரு விரல் தள்ளுவேன். அப்புறம் குழாய்ப் பக்கம் ஒரு விரல்.

பம்ப் மாமா ஒரு சாக்கு கொண்டுவந்து போட்டார். "கீழ சூடும்மா" என்றார். எதற்கு உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்கவில்லை.

இன்று ஒருத்தரையும் நீளமாகப் பேச விடவில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் யார் பேசினாலும் கையைக் காட்டினேன். முறைத்துவிட்டுப் போனார்கள். பரவாயில்லை.

ஜூலை 8, செவ்வாய்

தையல் அக்கா சிலேட்டில் எழுதியிருந்தாள்: பதினொரு மணி, கால் மணி நேரம். அவள் வீட்டுக்காரர் கடல் தாண்டி வேலை பார்க்கிறார். குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது, அதைக் காட்ட வேண்டும். குழந்தைக்குச் சட்டை மாற்றி, தலை சீவி, கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

நான் சிலேட்டை அழித்துவிட்டேன்.

"ஏய், என்னடி பண்ற?"

"இன்னைக்கு வழி கிடையாது."

"இது உங்க அப்பன் வீட்டுச் சுவரா? உன் சினிமாக் கூத்துக்கு நாங்க பன்னெண்டு போனையும் பறக்க விட்டோமே, ஒரு மணி நேரம்! நான் பதினஞ்சு நிமிஷம் கேக்கறேன், அதுவும் புள்ளைய அப்பன்கிட்ட காட்ட! உன் சிவப்புப் பையைத் தொடக்கூட மாட்டேன். உனக்கென்ன வந்துச்சு?"

நான் எழுந்து நின்றேன். எனக்கே தெரியாமல் வாயிலிருந்து வந்தது, கத்தாமல், யாரோ வீட்டு விலாசம் சொல்கிற மாதிரி.

"அந்த ஒரு மணி நேரத்துலதான்க்கா ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. ஆறு தடவை. எங்க ரெண்டு போனும் பறந்துட்டு இருந்துச்சு. வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் மாமா உள்ளே போய் அதை நிறுத்தினார். குழந்தை மட்டும் குழாயைப் பிடித்துக்கொண்டு மூன்று அடி நடந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தது.

தையல் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவள் போன் ஆணியிலேயே தொங்கியது. பதினொன்றுக்கு அடித்தது. அடித்து அடித்து நின்றது.

ஜூலை 9, புதன்

எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும்.

அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டியது அண்ணனை. "ஏன்டா, மூணு வாரமா மூடி வெச்சிருந்தியே, நான் என்ன செத்தா போயிட்டேன், என்கிட்ட சொல்ல உனக்கு?" அவன் தலையைக் குனிந்துகொண்டு நகத்தைப் பார்த்தான். அவள் நேரமாச்சு என்று பண்ணைக்குப் போனாள், போகும்போது செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனாள், இடது காலில் என்னுடையது.

நானும் அண்ணனும் பஸ்ஸில் போனோம். பாதி வழியில் அவன் கேட்டான்:

"மேடம் சொன்னாங்களா உனக்கு?"

"ம்."

"எப்ப?"

"ரெண்டு வாரமாச்சு."

"நல்லா நடிக்கிற."

"நீ மட்டும் என்ன. ரீசார்ஜாம்."

அவன் சிரிக்கப் பார்த்தான். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்:

"பறக்க விட்டது நான்தானே. நீ கேக்கக்கூட இல்ல. இன்னொண்ணு சொல்றேன், கேளு. அந்த ஒரு மணி நேரம் போன் அடிக்குமான்னு காதைத் தீட்டிக்காம நின்னேன். ஒன்றரை வருஷத்துல அதுதான் முதல் தடவை. அட்டையைப் பிடிச்சிக்கிட்டு, வெயில்ல, சும்மா நின்னேன். நல்லாதான் இருந்துச்சு. அதுக்காக நீ இப்படிச் சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்காத. பார்க்கவே சகிக்கல."

   நல்லா இருந்துச்சாம். நல்லா இருந்துச்சாம்டா உனக்கு. அந்தக் கிட்னியை வேற ஒருத்தன் வெச்சுக்கிட்டு வீட்ல உட்கார்ந்து தண்ணி குடிக்கிறான், வேணுங்கிற அளவு குடிக்கிறான், நீ ஒரு டம்ளருக்குக் கோடு போட்டுக் குடிக்கிற. நல்லா இருந்துச்சாம்.

ஜூலை 10, வியாழன்

தையல் அக்கா வீட்டுக்குப் போய், "எப்ப வேணும்னாலும் எழுதுக்கா" என்றேன். அவள் மெஷினை நிறுத்தாமலே தலையாட்டினாள். சாயங்காலம் சிலேட்டைப் பார்த்தேன். யாருமே ஒன்றும் எழுதவில்லை. இப்போது ஒருத்தரும் வழி கேட்பதில்லை. அது இன்னும் மோசமாக இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

மேடம் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். "சிக்னல் உள்ள இடத்துல ஒரு ஆள், மூணாவது நம்பர், இருந்தா எழுதிக் குடும்மா. எந்நேரமும் எடுக்கணும். உங்க அண்ணன் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுட்டா, அந்த ஆளே எனக்கு 'சரி'ன்னு சொல்லலாம். சொல்லிட்டு உங்களுக்குத் தகவல் சேர்த்தாப் போதும். நாலு மணி நேரத்துக்குள்ள இங்க வந்துடணும், அவ்வளவுதான்."

டவுனில் எங்களுக்கு யாரும் இல்லை. நானே போய் உட்கார்ந்தால் என்ன? ஆனால் டயாலிசிஸ் முடிந்த மறுநாள் அவனுக்குத் தலை சுற்றும். ஒரு தடவை குளியலறையில் விழுந்தான். அம்மா வேலைக்குப் போனால் வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

படிவத்தை வாங்கி வந்தேன். மூன்றாவது கட்டம் காலி.

ஜூலை 17, வியாழன்

பக்கத்தில் எழுதிவிட்டேன். நாலு தடவை அழித்து ஐந்தாவது தடவை போட்டேன். ஆஸ்பத்திரி இருக்கிற டவுன் பெயர், எங்கள் இடம் அங்கிருந்து எவ்வளவு தூரம், அந்தக் கை யாருடையது, பதினாலாம் தேதி என்ன நடந்தது, எல்லாம். தலைவியின் படம் இல்லாமல் நான் போட்ட முதல் பதிவு.

அனுப்பிவிட்டு போனை ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

நாலாயிரம் பேர் உடைந்த இதயம் போட்டிருக்கிறார்கள். 'ஸ்ட்ராங்கா இரு அட்மின்.' 'தலைவி காதுக்குக் கொண்டு போங்க.' ஒருத்தன், 'அடுத்து வங்கிக் கணக்கு நம்பர் போடுவாங்க பாருங்க, எல்லாம் ஏமாத்து' என்று எழுதியிருக்கிறான். அவனுக்கு இருநூறு லைக். அறுநூறு பேர் பக்கத்தை விட்டுப் போய்விட்டார்கள்.

கோபம் வரும் என்று பார்த்தேன். அதுவும் வரவில்லை.

டவுனில் இருக்கிறேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஒரு மெசேஜ். 'மிட்டாய்' என்ற பெயரில் பக்கத்தில் எப்போதும் சண்டை போடுகிறவள், தலைவியின் மூன்றாவது ஆல்பம்தான் சிறந்தது என்று என்னோடு ஒரு வருஷமாக மல்லுக்கட்டுகிறவள்.

'நான் அதே டவுன்தான். டிரைவிங் ஸ்கூல்ல ஸ்கூட்டர் கத்துக் குடுக்கறேன். பகல்ல வேணா நான் வெச்சுக்கறேன். ராத்திரி எங்க வீட்ல போனைத் தொட விடமாட்டாங்க. ராத்திரிக்கு ஒரு ஆள் புடிச்சுத் தரேன். ஆனா மூணாவது ஆல்பம்தான் பெஸ்ட்.'

மூன்று தடவை படித்தேன். பம்ப் மாமா, "என்னம்மா, நல்ல சேதியா?" என்றார். தெரியல மாமா என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

ஜூலை 24, வியாழன்

எண் என்னவோ ஒன்றுதான் கொடுக்க முடியும், ஆனால் ஆட்கள் ஒருத்தருக்கு மேல் வேண்டும். அதனால் ஒரு பழைய பட்டன் போனில் புது சிம் போட்டோம். அந்த போன் கை மாறும். காலை எட்டிலிருந்து இரண்டு வரை மிட்டாய். இரவு முழுக்க, ரொட்டி சுடுகிற கடையில் வேலை பார்க்கிற ஒரு அண்ணா. எப்படியும் முழித்திருப்பாராம், மாவு பிசைகிற மேஜைக்கு மேலே ஒரு தட்டில் வைத்துக்கொள்வாராம். மதியத்துக்குக் கண்ணாடிக் கடையில் கணக்கு எழுதுகிற ஒரு அக்கா. அவருக்குத் தலைவியைப் பிடிக்கவே பிடிக்காதாம். அவர் தங்கைதான் எங்கள் பக்கத்தில் இருக்கிறாள், அவள் நச்சரித்து அனுப்பி வைத்திருக்கிறாள்.

போன் அடித்தால் எடுக்க வேண்டும். 'சரி' சொல்ல வேண்டும். அப்புறம் வண்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். மேடம் படிவத்தில் மூன்றாவது கட்டத்தை நிரப்பிக்கொண்டார்கள். ஒரு ஒத்திகை பார்ப்போம், எப்போது என்று சொல்ல மாட்டேன் என்றார்கள்.

ஜூலை 31, வியாழன்

பதினொரு மணி இருக்கும். அண்ணன் வாசலில் வாளி கழுவிக்கொண்டிருந்தான். மண் ரோட்டில் ஒரு ஸ்கூட்டர், பின்னால் 'எல்' போர்டோடு, குதித்துக் குதித்து வந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான், வாளி உருண்டு போனது. அந்த முகத்தை நான் பார்த்தேன். அதை எழுத எனக்கு வராது.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தூரத்திலிருந்தே ஓட்டி வந்தவள் கத்தினாள்: "ஒத்திகை! ஒத்திகைதான்! அண்ணா, ஒத்திகை! பயப்படாதீங்க!"

அண்ணன் அப்படியே படியில் உட்கார்ந்தான். அவள் வண்டியைச் சாய்த்துவிட்டு, மூச்சிரைக்க, போனில் மணியைக் காட்டினாள். "முப்பத்தாறு நிமிஷம். நடுவுல ஆட்டுக் கூட்டம். இல்லேன்னா முப்பது."

தண்ணீர் கொடுத்தேன். ஒரு சொம்பு முழுக்க ஒரே மூச்சில் குடித்தாள். அண்ணன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "நீங்கதான் அந்த மூணாவது ஆல்பமா?" என்று கேட்டான்.

"ஆமா. நீங்கதான் அந்தக் கையா?"

அவன் சத்தமாகச் சிரித்தான். உள்ளே போய் கதவைச் சாத்திக்கொண்டு நான் நின்றேன். அடுப்புக்குப் பக்கத்தில், துடைக்கிற துணியை வாயில் வைத்துக்கொண்டு. ரொம்ப நேரம். வெளியே அவர்கள் இரண்டு பேரும் எந்தப் பாட்டு நல்ல பாட்டு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மேட்டுக்குப் போனேன். சிலேட்டில் எழுத்து இருந்தது. தையல் அக்கா, நாலு மணி, கால் மணி நேரம். அதற்குக் கீழே வேறு யாரோ, ஐந்தரை. நான்தான் அக்காவின் போனைப் பிடித்துக்கொண்டேன். குழந்தை இப்போது ஓடுகிறது, திரைக்குள் நிற்க மாட்டேன் என்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பக்கத்தில் இப்போது போட்டதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

எல்லாருக்கும் வணக்கம், நான் அட்மின். அண்ணன் பேரு இன்னும் பட்டியல்லதான் இருக்கு. இன்னும் போன் வரல. பட்டன் போன் பன்னிரண்டு நாளா டவுன்ல கை மாறிக்கிட்டு இருக்கு, ஒரு தடவைகூட கீழ வைக்கல. நேத்து கண்ணாடிக் கடை அக்காவுக்கு வேலை நேரம் மாறிடுச்சு. இனிமே செவ்வாய்க்கிழமை மதியம் ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும் ஆள் இல்ல. இன்னைக்கு மட்டும் மிட்டாய் லீவு போட்டு உட்கார்ந்திருக்கா. அடுத்த செவ்வாய்க்கு அவளால முடியாது.

காசு வேண்டாம். உடைஞ்ச இதயம் வேண்டாம். டவுன்ல இருக்கணும், வண்டி ஓட்டத் தெரியணும், போன் அடிச்சா எடுக்கணும். தலைவியைப் பிடிக்கணும்னு இல்ல. நீங்க அந்த ஊர் இல்லேன்னா, அந்த ஊர்ல யாரையாவது தெரியுமான்னு யோசிச்சு அவங்களுக்கு இதை அனுப்புங்க.

வாரத்துக்கு நாலு மணி நேரம். செவ்வாய் மதியம். முடியும்னா கீழ 'நான்'னு மட்டும் எழுதுங்க. நான் சுவர்கிட்டதான் இருக்கேன். கொஞ்சம் லேட்டா வரும், ஆனா பார்த்துடுவேன்.